ஒரு கண் மட்டும் சின்னதாகத் தெரியும் பிள்ளை

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். என் மகளுக்கு நாலு வயது. பிறந்ததிலிருந்து வலது கண் சின்னது. ஆனால் கீழே குனிந்து படம் கீறும்போது அந்தக் கண்தான் பெரிதாகத் தெரிகிறது. தூங்கும்போதும் அது முழுதாக மூடுவதில்லை. பிள்ளை எப்போதும் நாடியைத் தூக்கிக்கொண்டு பார்க்கிறாள், அந்தப் பழக்கத்தை மாற்றுங்கள் என்று முன்பள்ளி டீச்சர் சொல்கிறார். வளர வளரச் சரியாகும் என்றும் ஒருவர் சொன்னார். வயிற்றில் இருந்தபோது கிரகண நேரத்தில் நான் கத்தியைத் தொட்டதால்தான் இப்படி ஆனது என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருக்கிறார். நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து கண்ணில் விடவும் சொல்கிறார். எட்டு மாத மகனுக்குப் போட்டோவில் மாறுகண் மாதிரித் தெரிகிறது. மாமனாருக்கும் சில மாதங்களாகப் பின்னேரமானால் இமை தொங்குகிறது. இது பரம்பரையா? மகளுக்கு ஒப்பரேஷன் செய்ய வேண்டுமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

தங்கச்சிக்கு,

முதலில் மகளின் விஷயம். இந்த மாதத்துக்குள் அவளைக் கண் கிளினிக்குக் கொண்டுபோங்கள். வளர வளரச் சரியாகும் என்று சொன்னவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பிறக்கும்போதே இறங்கியிருக்கிற இமை, பிள்ளை வளர்வதால் மேலே ஏறுவதில்லை. கூடவே வளர்கிற பார்வைதான் பின்தங்கிப் போகும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். கீழே பார்க்கும்போது அந்தக் கண் பெரிதாகத் தெரிகிறது, தூக்கத்தில் முழுதாக மூடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் கவனித்துச் சொல்லும் தாய்மார் குறைவு. நேரில் பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாதுதான். ஆனாலும் இந்த இரண்டு அடையாளமும் சேர்ந்து வந்தால், பிறவி இமைத் தொய்வு என்றே என் மனம் சொல்கிறது. கிளினிக் கொப்பியில் அதை டோசிஸ் என்று எழுதுவார்கள்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். பகல் வெளிச்சத்தில், வாசற்படியில் பிள்ளையை உட்கார வைத்து, வலது மேல் இமையை உங்கள் விரலால் மெல்லத் தூக்குங்கள். இரண்டு கருவிழியும் ஒரே அளவு வட்டமாக இருந்தால், கண் சின்னது அல்ல. கண்ணுக்கு முன்னால் இருக்கிற வாசல்தான் சிறுத்திருக்கிறது. வட்டமே ஒன்றைவிட ஒன்று சின்னதாகத் தெரிந்தால் அது வேறு கதை, அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள்.

அந்த வாசலை இமைப் பிளவு என்கிறோம். மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் நடுவில் உள்ள திறப்பு. கண்ணுக்கு மாவடுவை உவமை சொன்ன நம் பழைய புலவர்கள் நன்றாகப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். மாவடுவை நெடுக்காக வகிர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அது இருக்கிறது: மூக்குப் பக்கம் உருண்டு, காதுப் பக்கம் கூர்ந்து. வளர்ந்தவர்களுக்கு அதன் நீளம் 28 முதல் 30 மில்லிமீட்டர், நடுவில் உயரம் 9 முதல் 10 மில்லிமீட்டர். உயரம் என்பது உங்கள் சுண்டு விரல் நகத்தின் அகலம் அளவுதான். பலருக்கு வெளிமூலை உள்மூலையைவிட 2 மில்லிமீட்டர் போல மேலே இருக்கும். மேல் இமை கருவிழியின் உச்சியை 1 அல்லது 2 மில்லிமீட்டர் மூடியிருக்கும், கீழ் இமை கருவிழியின் அடி விளிம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

இந்தக் கணக்கைச் சொல்லக் காரணம் இருக்கிறது. கருவிழியின் நடுவில் உள்ள கண்மணியின் மையத்துக்கும் மேல் இமை விளிம்புக்கும் சாதாரணமாக 4 அல்லது 5 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. இமை 2 மில்லிமீட்டர் இறங்கினால் முகத்தில் வித்தியாசம் தெரியும், பார்வைக்கு வழி இருக்கும். 4 மில்லிமீட்டர் இறங்கினால் கண்மணியையே மறைக்கத் தொடங்கிவிடும். உங்கள் மகளின் இமை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்பதுதான் இப்போது தெரிய வேண்டியது.

இமையைத் தூக்குவது ஒரு மெல்லிய நீளமான தசை. கண்குழியின் ஆழத்தில் தொடங்கி, கண் உருண்டையின் மேலாக வந்து இமைக்குள் இறங்குகிறது. மூளையிலிருந்து வரும் மூன்றாம் நரம்பு அதை இயக்குகிறது. அதன் அடியில் ஒட்டினாற்போல முல்லர் தசை என்று சின்னத் தசை ஒன்றும் உண்டு, அது கடைசி 2 மில்லிமீட்டரைத் தூக்கிக் கொடுக்கும். மூடுகிற வேலை வேறு தசைக்கு. கண்ணைச் சுற்றி வளையமாக ஓடுகிற அதற்கு ஏழாம் நரம்பு.

பிறவித் தொய்வில், தூக்கும் தசை கருவிலேயே சரியாக உருவாகாமல் போகிறது. தசை இருக்க வேண்டிய இடத்தில் நாரும் கொழுப்பும் கலந்து கிடக்கும். நல்ல தசை சுருங்கும், பிறகு தளரும். நாருக்குச் சுருங்கவும் தெரியாது, நீளவும் தெரியாது. அதனால்தான் நேராகப் பார்க்கும்போது இமை மேலே வருவதில்லை. குனிந்து படம் கீறும்போது மற்ற இமை கண்ணோடு சேர்ந்து இறங்க, இது இறங்காமல் மேலேயே நிற்கிறது. அந்த நேரம் அந்தக் கண் பெரிதாகத் தெரிகிறது. தூக்கத்தில் கீற்றுப் போலத் திறந்திருப்பதும் இதே காரணத்தால்தான்.

இனி மாமியார் சொல்வது. தசை கருவில் உருவாகும்போது நடந்த குறை இது. நீங்கள் கத்தியைத் தொட்டதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. கிரகணத்தன்று கதவைச் சாத்திக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் படுத்திருந்த தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கும் இதே இமையை நான் பார்த்திருக்கிறேன். நாலு வருடமாக இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு கொழுந்துக் கூடையையும் சுமந்துகொண்டு இருந்திருக்கிறீர்கள். இன்றோடு அதை இறக்கி வையுங்கள். மாமியாருக்கு இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள். பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் அவரும் பேசுகிறார். ஆனால் நந்தியாவட்டைச் சாறு, முலைப்பால், தேன், எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது. தசைக்கு அவற்றால் ஒன்றும் ஆகாது; கிருமி போய்க் கருவிழியில் புண் வந்தால் இருக்கிற பார்வையும் கெடும்.

பிள்ளை நாடியைத் தூக்கிப் பார்க்கிறாள் என்று டீச்சர் கவனித்துச் சொன்னது எனக்குச் சந்தோஷம் தந்தது. பிள்ளை நாடியைத் தூக்கினால், நேரே பார்க்கக் கண் கீழ்நோக்கித் திரும்ப வேண்டும். அப்போது இமைக்கு அடியில் வழி கிடைக்கிறது. அதாவது அவள் அந்த வலது கண்ணை விட்டுவிடவில்லை, அதைப் பயன்படுத்தவே தலையைத் தூக்குகிறாள். ஒரு பக்கம் இமை நன்றாக இறங்கியிருந்தும் தலையை நேராக வைத்துக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். அந்தக் கண்ணை மூளை கைவிட்டிருக்கலாம். ஆகவே டீச்சரிடம் சொல்லுங்கள்: தலையைப் பிடித்துக் கீழே அழுத்த வேண்டாம், அதட்டவும் வேண்டாம். சின்னக் கண் என்று மற்றப் பிள்ளைகள் கூப்பிட்டால் அதை மட்டும் நிறுத்தட்டும்.

மூளை கைவிடுவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதுதான் முக்கியம். பிறக்கும்போது பிள்ளைக்குக் கண் இருக்கிறது, தெளிவாகப் பார்க்கத் தெரியாது. இரண்டு கண்ணிலிருந்தும் தெளிவான படம் வந்துகொண்டே இருந்தால்தான் மூளை பார்க்கப் பழகும். அந்தப் பழக்கம் முதல் 7, 8 வருடங்களில் நடக்கிறது. முதல் இரண்டு மூன்று வருடம் மிக வேகமாக. ஒரு கண்ணில் இமை மறைத்தால் அந்தப் பக்கம் படம் வராது. கண்மணியை மறைக்காவிட்டாலும், இறங்கிய இமை கருவிழியை அழுத்தி அதன் வளைவை மாற்றிவிடலாம். அப்போது படம் வரும், கோணலாக வரும். மூளை நல்ல கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். சோம்பல் கண் என்பது இதுதான். கவனிக்காமல் விட்டால், பிறகு கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணில் எழுத்துத் தெளிவாகத் தெரியாது.

பல வருடங்களுக்கு முன் மலையகத்து வைத்தியசாலை ஒன்றில் நான் வேலை செய்தபோது, 11 வயதுப் பையன் ஒருவனைத் தகப்பன் கூட்டி வந்தார். இடது இமை கண்மணிக்குக் கீழே கிடந்தது. அவன் நாடியைத் தூக்கவில்லை, நேராக என்னைப் பார்த்துச் சிரித்தான். வலது கண்ணைக் கையால் மூடச் சொல்லி, இடது இமையை நான் தூக்கிப் பிடித்தேன். சுவரில் தொங்கிய எழுத்து அட்டையின் ஆக மேலே இருக்கிற பெரிய எழுத்தைக் கேட்டேன். அவன் எழுத்தைத் தேடவே இல்லை. அட்டை எந்தச் சுவரில் இருக்கிறது என்று தேடினான். அவன் மூன்று வயதாக இருக்கும்போதே தகப்பன் ஓர் இடத்தில் காட்டியிருக்கிறார். பத்து வயது கழித்து வாருங்கள், அப்போதுதான் ஒப்பரேஷன் செய்யலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சொன்னபடியே காத்திருந்து வந்தவர் அவர். சத்திரசிகிச்சை நடந்தது, இமை அழகாக ஏறியது. கட்டு அவிழ்த்த பிறகு தகப்பன் கேட்டார்: "இப்பத்தான் கண்ணு தொறந்திருச்சே டாக்டரம்மா, பின்னே ஏன் பிள்ளைக்குத் தெரியல?" அவருக்கு நான் சொன்ன பதிலை உங்களுக்குச் சொல்லும் நிலை வரக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் மகளுக்கு நாலு வயதுதான். நேரம் இருக்கிறது, வீணாக்க நேரம் இல்லை.

கொண்டுபோகும் முன் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். விளையாட்டுப் போல இடது கண்ணை உங்கள் உள்ளங்கையால் மூடி, தூரத்தில் இருக்கிற ஆட்டையோ பூனையையோ காட்டுங்கள். பிறகு வலது கண்ணை மூடுங்கள். இடது கண்ணை மூடும்போது மட்டும் பிள்ளை கையைத் தட்டிவிட்டாலோ அழுதாலோ, வலது கண்ணில் பார்வை குறைவு என்று சந்தேகப்பட வேண்டும். அடுத்தது, ரொட்டி மெல்லும்போதும் பால் உறிஞ்சும்போதும் வலது இமையைக் கவனியுங்கள். சில பிள்ளைகளுக்குத் தாடை அசைய அசைய இமை துள்ளி ஏறி இறங்கும். தாடைக்குப் போகிற நரம்பின் கிளை ஒன்று கருவிலேயே வழி மாறி இமைத் தசைக்கு வந்துவிட்டதன் அடையாளம் அது. மார்கஸ் கன் என்ற கண் வைத்தியர் 1883இல் விவரித்தது. அப்படி இருந்தால் சத்திரசிகிச்சை முறை மாறும்.

கிளினிக்கில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் பயம் குறையும். படம் அல்லது எழுத்து அட்டை காட்டி ஒவ்வொரு கண்ணாகப் பார்வை பார்ப்பார்கள். கண்மணியை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். அன்று வெயில் கூசும், கிட்ட இருப்பது மங்கலாகத் தெரியும், தொப்பி ஒன்று கொண்டுபோங்கள். பிறகு வைத்தியர் கட்டைவிரலால் புருவத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைக் கீழே பார்க்கச் சொல்லி, பிறகு மேலே பார்க்கச் சொல்லி, அடிமட்டத்தால் இமை எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பார். புருவத்தை அழுத்துவது ஏன் என்றால், இந்தப் பிள்ளைகள் நெற்றியைச் சுருக்கி இமையைத் தூக்கப் பழகியிருப்பார்கள், அந்த உதவியைக் கழித்தால்தான் தசையின் சொந்தப் பலம் தெரியும். சாதாரண இமை 12 முதல் 15 மில்லிமீட்டர் வரை ஏறும்.

அந்த அளவை வைத்துத்தான் சத்திரசிகிச்சை. தசைக்கு ஓரளவு பலம் இருந்தால் அதைச் சுருக்கித் தைப்பார்கள். 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால், இமையை நெற்றித் தசையோடு இணைத்துவிடுவார்கள்; இமைக்கும் புருவத்துக்கும் நடுவே தோலின் அடியில் சிலிக்கோன் நூலோ, பிள்ளையின் தொடையிலிருந்து எடுத்த நார்ப் பட்டையோ ஊஞ்சல் கயிறு மாதிரி ஓடும். பிறகு புருவத்தை உயர்த்தினால் இமை உயரும். முழு மயக்கம் கொடுத்துச் செய்வது. கண்மணியை இமை மூடியிருந்தால் கைக்குழந்தைக்கும் உடனே செய்வோம். பார்வைக்குத் தடை இல்லை என்றால் 3 முதல் 5 வயதுக்குள், பிள்ளை அளவெடுக்க ஒத்துழைக்கிற பருவத்தில், முதலாம் ஆண்டுக்குப் போகும் முன் செய்வது நல்லது. இமை லேசாகத்தான் இறங்கியிருக்கிறது, பார்வையும் நன்றாக இருக்கிறது என்றால் கத்தியே வைக்காமல் சில மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே வருவதும் உண்டு.

உண்மையையும் சொல்ல வேண்டும். செய்த பிறகும் இரண்டு கண்ணும் அச்சு வார்த்தது போல ஒன்றாக இருக்காது. நேரே பார்க்கும்போது ஒத்திருக்கும், கீழே பார்க்கும்போது வித்தியாசம் தெரியும். தூக்கத்தில் முன்னைவிட அதிகமாகத் திறந்திருக்கும். கருவிழி காயாமல் இருக்க இரவில் களிம்பு போட வேண்டும். வருடங்கள் கழித்து இமை மறுபடி இறங்கினால் இன்னொரு முறையும் செய்ய நேரலாம். ஏற்கெனவே சோம்பல் கண் தொடங்கியிருந்தால் இமையைத் தூக்கினால் மட்டும் போதாது. கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை நாளுக்கு 2 மணி நேரம், கடுமையாக இருந்தால் 6 மணி நேரம் கூட, ஒட்டுத் துணியால் மூடி வைக்கச் சொல்வார்கள். பிள்ளை பிய்த்து எறிவாள். வீட்டில் ஒருவர் உறுதியாக நிற்க வேண்டும், அதற்கு மாமியாரைப் பிடியுங்கள். நீங்கள் மலையில் இருக்கும் நேரம் அவர்தானே பார்த்துக்கொள்கிறார்.

மகனின் விஷயம் பெரும்பாலும் பயப்படும்படியானது அல்ல. கைக்குழந்தைகளுக்கு மூக்குத் தண்டு தட்டையாக இருக்கும், உள்மூலையில் மேல் இமையிலிருந்து ஒரு தோல் மடிப்பு இறங்கி வெள்ளை விழியை மறைக்கும். மூக்குப் பக்கம் வெள்ளை குறைவாகத் தெரிவதால் கண் உள்ளே திரும்பியது போலத் தோன்றும். மூக்குத் தண்டு உயர உயர அந்த மடிப்பு விரிந்து மறைந்துவிடும். போனில் பிளாஷ் போட்டு நேராக ஒரு படம் எடுங்கள். இரண்டு கண்மணியிலும் வெள்ளைப் புள்ளி ஒரே இடத்தில் விழுந்தால் கண் நேராக இருக்கிறது. ஒன்றில் நடுவிலும் மற்றதில் ஓரத்திலும் விழுந்தால் அது உண்மையான மாறுகண், அவனையும் காட்ட வேண்டும். ஒரு கண்மணி முழுவதும் வெள்ளையாகத் தெரிந்தால் அடுத்த நாளே போங்கள், அது கண்ணுக்குள் இருக்கும் நோயாக இருக்கலாம்.

பரம்பரையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கண்ணில் மட்டும் வருகிற பிறவித் தொய்வு பெரும்பாலும் குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமலே வரும். பரம்பரையாக வருகிற வகையும் ஒன்று உண்டு: இரண்டு பக்கமும் இமை இறங்கி, இமைப் பிளவு நீளத்திலும் குறைந்து, இரண்டு கண்ணின் உள்மூலைகளும் ஒன்றுக்கொன்று விலகி, மூக்குப் பக்க மடிப்புக் கீழ் இமையிலிருந்து மேலே ஏறியிருக்கும். பிளெபரோபிமோசிஸ் என்பது அதன் பெயர். தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நீங்கள் எழுதியதில் அதற்கான அடையாளம் இல்லை.

மாமனாருக்கு வந்திருப்பது இதோடு சேராது. அறுபது எழுபது வயதில் இமைத் தசையின் பிடிப்புத் தளர்ந்து தொங்குவது சாதாரணம், ஆனால் அது காலையில் ஒன்று பின்னேரத்தில் ஒன்று என்று இவ்வளவு மாறாது. காலையில் நன்றாக இருந்து களைக்கக் களைக்க இறங்குவது, நரம்பின் கட்டளை தசைக்குச் சரியாகப் போய்ச் சேராத நோயாக இருக்கலாம். மயஸ்தீனியா என்பார்கள், மருந்து உண்டு. ஒன்று இரண்டாகத் தெரிகிறதா, சாப்பாட்டை மென்று தின்னும்போது தாடை களைக்கிறதா, பேச்சு மூக்கால் வருகிறதா என்று கேளுங்கள். விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டம் என்றால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றே வைத்தியசாலை. அதுபோல, யாருக்கானாலும் திடீரென்று இமை விழுந்து, கூடவே கடுமையான தலைவலி, அல்லது ஒரு கண்மணி பெரிதாகவோ சின்னதாகவோ மாறினால், இரவானாலும் வண்டி பிடித்துக் கொண்டுபோங்கள். மூளை இரத்தக்குழாயிலோ கழுத்து இரத்தக்குழாயிலோ கோளாறு இருக்கலாம்.

தோட்டத்து வைத்தியரிடமோ மருத்துவமாதுவிடமோ ஒரு துண்டு வாங்கிக்கொண்டு பக்கத்து ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். கண் கிளினிக் எந்தக் கிழமையில் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், வீணாகாது. அங்கிருந்து நுவரெலியாவுக்கோ கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ எழுதிக் கொடுத்தால் தட்டிக் கழிக்காமல் போங்கள். அரசாங்க வைத்தியசாலையில் பார்ப்பதற்கும் சத்திரசிகிச்சைக்கும் காசு இல்லை, செலவு பஸ்ஸுக்குத்தான். மகளையும் மாமனாரையும் ஒரே பயணத்தில் கூட்டிப் போகலாம். ஆனால் கிளினிக் காலையில் நடக்கும், அந்த நேரம் மாமனாரின் இமை நன்றாகத்தான் இருக்கும், ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிடக் கூடும். அதனால் இன்றைக்கே காலை ஏழு மணிக்கு ஒன்றும் பின்னேரம் ஆறு மணிக்கு ஒன்றுமாக அவரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். மகள் நேராகப் பார்க்கிறது, கீழே பார்க்கிறது, தூங்குகிறது, மூன்றும் எடுங்கள். மகள் பிறந்த புதிதில் எடுத்த பழைய படம் ஏதாவது இருந்தால் அதையும் கிளினிக் கொப்பியோடு கொண்டுபோங்கள்.